பதின்மூன்று நிமிடக் கடல்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை ஊர்களில் ஒலிநாடா, அதாவது மக்கள் வழக்கில் கேசட், நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் பொருள் அன்று. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசப்பட்ட இரும்பு ஆக்சைடுத் துகள்களில் ஒலி காந்தப் பதிவாகத் தங்குவதால், உப்பும் ஈரமும் கலந்து வீசும் காற்று முதலில் பெட்டியின் மூலைத் திருகுகளைத் துருவேற்றி, பின்னர் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சையைப் படரவிட்டு, கடைசியில் பாட்டின் கூர்மையான ஓசைகளைச் சிறிது சிறிதாக மழுக்கிவிடுகிறது. கீழக்கரையில் வீடு மாற்றும்போது மரப்பெட்டியின் அடியிலிருந்து வெளிப்பட்ட 60 நிமிட கேசட் ஒன்று இந்த மூன்று கட்டங்களையும் கடந்திருந்தது. எனினும், அதன் அட்டையில் நீலப் பேனாவால் எழுதப்பட்ட ‘பவர்ஸ்லேவ்’ என்ற பெயரும், அதன்கீழ் எட்டுப் பாடல்களின் பட்டியலும், எட்டாவது பாடலுக்கு மட்டும் இடப்பட்டிருந்த இரட்டை அடிக்கோடும் படிக்கும்படியாகவே இருந்தன. அந்த அடிக்கோட்டின் பின்னணியில், இக்கரையில் வளர்ந்து இப்போது நடுவயதைக் கடந்துகொண்டிருக்கும் ஒரு சிறு கூட்டத்தாரின் இளமைக்காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பவர்ஸ்லேவ் என்பது, ஸ்டீவ் ஹாரிஸ் என்னும் பாஸ் கிதார்க் கலைஞர் 1975ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இலண்டனில் தொடங்கிய அயர்ன் மெய்டன் குழுவின் ஐந்தாவது ஆல்பம். ஆல்பம் எனப்படுவது திரைப்படத்தின் தேவைக்காக அன்றி, பாடல்களுக்காகவே ஒரே வீச்சில் உருவாக்கி வெளியிடப்படும் இசைத்தொகுப்பு. இக்குழு வாசிக்கும் ஹெவி மெட்டல், உரத்த மின்கிதாரையும் இரட்டிப்பு வேகத் தாளத்தையும் உச்சத்தில் நிற்கும் குரலையும் மூன்று தூண்களாகக் கொண்டது. அதன் பிறப்பிடம் பர்மிங்காம் என்னும் தொழில் நகரம். அங்கு உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற இளைஞர் எந்திரத்தில் தம் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்து, உருக்கிய பிளாஸ்டிக் புட்டியால் தாமே செய்த உறைகளை அவ்விரல்களில் மாட்டிக்கொண்டு வாசித்தபோது எழுந்த கனத்த ஒலியே 1970இல் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்துக்கும், அதன் வழியாக இந்த இசைவகைக்கும் தனி முகத்தைத் தந்தது.

உரத்த ஒலி இக்கரைக்குப் புதிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, தர்கா கந்தூரி எதுவானாலும் சவுண்ட் சர்வீஸ்காரர் முதல்நாளே வந்து, தென்னை மரத்திலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிடுவார். அடுத்த ஊர் வரை கேட்டால்தான் விழாவுக்குப் பெருமை. இராமநாதபுரத்தில் பிறந்து நாகூர் ஹனிபா என்ற பெயரில் தமிழுலகம் முழுவதும் அறியப்பட்டவரின் குரல், ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்கு எட்டக்கூடியது என்று பெரியவர்கள் சொல்லி மகிழ்ந்த மண் இது. ஆகவே, ஹெவி மெட்டலைக் கேட்டு வீட்டார் முகம் சுளித்ததற்குச் சத்தம் காரணமன்று. அந்தச் சத்தத்துக்கு ஒரு விழாவும் இல்லை, அதில் ஒரு சொல்லும் புரியவில்லை என்பதே காரணம்.

இன்னொரு காரணம் படம். அயர்ன் மெய்டனின் அக்கால அட்டைகளில் எல்லாம் எடி என்ற எலும்பும் தோலுமான உருவம், டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியரின் கைவண்ணத்தில், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பவர்ஸ்லேவில் அது எகிப்தியப் பேரரசனாகக் கல்லில் அமர்ந்திருக்கிறது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த சபராளி ஒருவர், அதாவது பொருள் தேடி அயல்நாடு சென்று திரும்பியவர், தம் தம்பிக்குக் கொண்டுவந்த அசல் கேசட்டின் அட்டையை அவர்களுடைய தாயார் ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டு, “என்ன வாப்பா இது, கபுர்லேருந்து எழும்பி வந்த மையித்து மாதிரி இருக்கு!” என்று பதறியதும், அன்று மாலைக்குள் அந்த அட்டை ஆங்கில அகராதியின் பக்கங்களுக்கிடையே குடிபுகுந்ததும் அந்த வட்டாரத்து நண்பர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. படி எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெற்று கேசட்டில் பதிந்து வாங்கியதால் எடியின் முகம் எப்படி இருக்கும் என்று அறியாமலேயே அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் பாட்டைக் கேட்டனர்.

படி எடுக்கும் வேலை நடந்தது ரெக்கார்டிங் சென்டரில். பாடல் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெற்று கேசட்டுக்கும் பதிவுக்கும் பணம் கட்டினால், இரண்டொரு நாளில் பதிந்து தரும் சிறு கடை அது. அன்று மாவட்டத் தலைநகரில் அத்தகைய கடைகளின் முழுநேரப் பிழைப்பு இளையராஜாவின் பாடல்கள்தாம். இராமநாதபுரத்துக் கடை ஒன்றில் பவர்ஸ்லேவைப் பதியக் கொடுத்தபோது, கடைக்காரர் முதல் பாடலின் முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நாடாவை வருடி ஒலியைப் படிக்கும் ‘ஹெட்’ என்னும் உலோகப் பகுதியைப் பொறுமையாகத் துடைத்தார். மீண்டும் ஓடவிட்டு, மீண்டும் துடைத்தார். பிறகு, “தம்பி, கேசட்டே கரகரங்குது, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது” என்று முன்கூட்டியே பழியைத் தள்ளிவிட்டுத்தான் பதிந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெருக்கியின் தாங்குதிறனுக்கு மேல் ஒலியைச் செலுத்தி, அலையின் முகடுகள் வெட்டுப்படும்படி செய்வதால் பிறக்கும் ‘டிஸ்டார்ஷன்’ என்ற அந்தக் கரகரப்பை வாழ்நாள் முழுவதும் பழுது என்று கருதி நீக்கிவந்த ஒரு கைவினைஞரிடம், அதைத்தான் அந்தக் குழு காசு செலவழித்து வரவழைக்கிறது என்று விளக்க ஒரு மாணவனுக்கு எப்படித் துணிவு வரும்?

அயலிசை இக்கரைக்கு வந்த வழி அதற்கு முன்பும் கடல்வழியாகவே இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் முப்பது கிலோமீட்டர் அளவே என்பதால், சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி இங்கே துலக்கமாகக் கேட்டது; அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் வீட்டு மனிதர்களைப் போல உரிமையோடு பேசப்பட்டனர். ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற சுராங்கனியும், இலங்கைத் தமிழர் பொப்பிசை என்று அழைக்கும் கிதார், டிரம்ஸ் கலந்த துள்ளல் பாட்டும் அந்த அலைவரிசையில்தான் வந்து சேர்ந்தன. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியபோது, பாம்பன் தீவில் வீட்டு உயரத்தைப் போல இருமடங்கு குழாய் நட்டு ஆன்டெனா கட்டியவர்கள், தூர்தர்ஷன் தெளிவாகத் தெரிவதற்குப் பல்லாண்டு முன்பே கொழும்பின் மேற்கத்திய இசை நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டனர். காற்று திசை மாறினால் படம் பனிமூட்டமாகும். மாடியில் ஒருவர் குழாயைத் திருகி, முற்றத்தில் ஒருவர் குரல் கொடுத்து, கூடத்தில் ஒருவர் “போதும், போதும்” என்று கத்தி முடிப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும். பின்னாளில் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. அதற்குள் அந்தக் கூட்டுமுயற்சிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

புதிய ஆல்பம் வருகிறது, குழு சுற்றுப்பயணம் புறப்படுகிறது என்ற செய்தி மட்டும் எந்த அலையிலும் ஒழுங்காக வரவில்லை. ராக் குழுக்களின் வழக்கப்படி ஆல்பம் வெளியானதும் அதன் பாடல்களை மேடையேற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வதே சுற்றுப்பயணம். பவர்ஸ்லேவுக்காக அயர்ன் மெய்டன் மேற்கொண்ட பயணம் 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி 1985 ஜூலை வரை நீண்டது. இவையெல்லாம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பிறகே, சபராளிகள் கொண்டுவந்த பழைய இதழ்களின் வழியாகவும், 1993இல் அலகாபாத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ராக் ஸ்ட்ரீட் ஜர்னலின் கைமாறிக் கைமாறிக் கசங்கிய படிகளின் வழியாகவும் இங்கே தெரியவந்தன. ஒருவர் வைத்திருந்த கறுப்பு டி-ஷர்ட்டின் முதுகுப்புறத்தில் குழு சென்ற நகரங்களின் பெயர்கள் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்க, சட்டைக்குள் இருப்பவரைத் திரும்பி நிற்கச் சொல்லி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிப்பது பாம்பன் இரயில் நிலையத்து நடைமேடையில் ஒரு மாலைநேரச் சடங்காகவே நடந்தது. டோக்கியோ உண்டு, சிட்னி உண்டு. இந்திய ஊர் ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கணக்கில் பழையதாகிவிட்ட செய்தியைச் சுடச்சுட விவாதித்த அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பரிதாபப்படத் தோன்றலாம். ஆனால், ஒரே ஆல்பத்தை இரண்டு ஆண்டுகள் வேறெதுவும் இன்றிக் கேட்டவர்களுக்கு அதன் ஒவ்வொரு தாளமும் மனப்பாடமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வாரம் ஒரு புதுத் தொகுப்பு கைப்பேசியில் வந்து இறங்கும் இன்று அத்தகைய கேட்பு அரிதாகிவிட்டது.

இரட்டை அடிக்கோடு பெற்ற எட்டாவது பாடல், சாமுவேல் டெய்லர் கோலரிட்ஜ் எழுதி 1798இல் வெளியான, கிழட்டு மாலுமி ஒருவனின் கதையைச் சொல்லும் ஆங்கிலக் கவிதையைத் தழுவி ஸ்டீவ் ஹாரிஸ் இயற்றியது. நீளம் பதின்மூன்றரை நிமிடத்துக்கும் மேல். தென்துருவப் பனிக்குள் சிக்கிய கப்பலுக்கு வழித்துணையாக வந்த ஆல்பட்ராஸ் என்னும் பெருங்கடற்பறவையை மாலுமி காரணமின்றி அம்பெய்து கொல்கிறான். பிறகு கப்பல் நிலநடுக்கோட்டுக் கடலில் காற்றின்றி அசையாமல் நிற்க, சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இன்றி, உடன் வந்த இருநூறு பேரும் அவனைச் சபிக்கும் கண்களோடு மாண்டுபோகின்றனர். கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இக்கவிதையைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியிருந்தாலும், அது தங்கள் ஊர்க்கதை என்று அவர்களுக்கு உறைத்தது அந்தக் கேசட்டில்தான்.

சுற்றிலும் நீர், குடிக்க ஒரு துளி இல்லை என்பதற்கு விளக்கம் தேவையில்லாத மாவட்டம் இது. அரசு ஊழியரைத் தண்டிக்க வேண்டுமானால் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றுவோம் என்று மிரட்டுவதற்குத் தமிழ்நாடு முழுவதும் மனத்தில் வைத்திருந்த ஊர் இராமநாதபுரமே. மூன்று புறமும் கடல் தெரியும் கிராமங்களிலிருந்து, குடங்களைப் பொருத்துவதற்கென்றே வட்டத் துளைகள் இட்டுச் செய்த தள்ளுவண்டிகளைப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிச் சென்று நல்ல தண்ணீர் பிடித்துவந்தனர். தனுஷ்கோடியில் அலை அடிக்கும் இடத்திலிருந்து சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் மட்டும் வியப்பாக நன்னீர் ஊறும். அதைச் சிரட்டையால், மணல் கலங்காமல், அரை அரைச் சிரட்டையாக மொண்டு குடத்தில் ஊற்றும்போது ஒரு குடம் நிறைய ஆகும் நேரம், அந்தப் பாடலின் நேரத்தைவிடக் கூடுதல். பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் வந்து நிலைமையை ஓரளவு மாற்றின என்றாலும், அந்தத் தலைமுறையின் காதில் அப்பாடல் விழுந்தது தள்ளுவண்டிக் காலத்தில்.

பாடலின் நடுப்பகுதியில் தாளம் முழுவதும் ஓய்ந்து, பாஸ் கிதார் மட்டும் மெல்ல நடக்க, கப்பலின் மரச்சட்டங்கள் கிறீச்சிடும் ஓசையும், கவிதையை வாசிக்கும் ஆழ்ந்த குரலும் வரும். வாடைக்கும் சோழகத்துக்கும் இடையே காற்று விழுந்துபோகும் நாட்களில், கரையில் கட்டிய வள்ளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எழுப்பும் ஓசையும் ஏறக்குறைய அதுவே. தங்கச்சிமடத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர், அந்த இடத்தை ஓடவிட்டு, கடலுக்குப் போய்வந்து வலை சீர்பார்த்துக்கொண்டிருந்த தம் மாமனுக்குக் கதையைத் தமிழில் சொல்லியிருக்கிறார். கடற்பறவைகள் கூட்டமாக வட்டமிட்டு விழும் இடத்தில் மீன் உண்டு என்று கண்டு படகைத் திருப்பும் தொழிலில் இருந்த அவருக்குப் பாவமும் சாபமும் பெரிதாகப் படவில்லை. “பறவையைக் கொன்னுட்டா அப்புறம் மீன் எங்க கிடக்குன்னு எதை வச்சுப் பார்ப்பான்?” என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் பொறுத்து, “இருநூறு ஆளை ஏத்திக்கிட்டுத் தண்ணி பத்தாமப் போனான்னா, அது தண்டல் பண்ண தப்பு மாப்ள” என்று கப்பல் தலைவன்மேல் தீர்ப்பும் வழங்கினார். கோலரிட்ஜைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுரைகளில் இந்தக் கோணம் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை.

காற்றில்லாக் கடலைவிடக் காற்று மிகுந்த கடலையே இக்கரை அதிகம் அஞ்சுகிறது என்பதும் உண்மை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயிலோடு தனுஷ்கோடி என்ற துறைமுக ஊரே அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது; எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் மூண்ட இனக்கலவரத்தோடும் போரோடும் அதுவும் நின்று, கொழும்பிலிருந்து இசைத்தட்டும் சோப்பும் வாங்கிவந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. அப்புறம் இக்கரைக்கு எஞ்சியது வளைகுடா நாடுகளின் வழி ஒன்றே.

2006இல் ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ என்ற ஆல்பத்தை வெளியிட்ட அயர்ன் மெய்டன், அதற்கான சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வருகிறது என்ற அறிவிப்பு வெளியானபோது, பாம்பன் நடைமேடைக் கூட்டத்தார் வேலையும் குடும்பமுமாகச் சிதறியிருந்தனர். 2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானம். அகல இரயில்பாதைப் பணி நடந்துகொண்டிருந்த காலமாதலால் பேருந்தில் மதுரை சென்று, அங்கிருந்து பெங்களூருக்குப் பயணப்பட்டவர்கள், பல மாநிலங்களிலிருந்து வந்து குவிந்த கறுப்புச் சட்டைகளைக் கண்டு திகைத்துப்போயினர். தங்களைப் போலப் பத்துப் பேர்தான் இந்த நாட்டில் இருப்பர் என்று அதுவரை எண்ணியிருந்தவர்கள் அவர்கள். டெல்லியின் பரிக்ரமா குழு முன்னதாக வாசித்து முடித்து, மெய்டன் மேடையேறி, ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ பாடலின் கிதார் மெட்டைச் சொல்லே இல்லாமல் மைதானம் முழுவதும் பாடியபோது, அவர்களுள் வயதில் மூத்தவர் பாடாமல் சுற்றிலும் இருந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பேருந்தில், நடத்துநர் எந்த ஊர் என்று மூன்று முறை கேட்ட பிறகும் அவருக்குக் காது அடைத்தபடியே இருந்தது.

அன்று எட்டாவது பாடல் பாடப்படவில்லை. புதிய ஆல்பத்துக்கான பயணத்தில் புதிய பாடல்களுக்கே முதலிடம் என்பது முறையே எனினும், அந்தக் கடற்பாட்டுக்காகவே விடுப்பு எடுத்து வந்தவர்களுக்கு அது குறைதான். மறு ஆண்டு, 2008 பிப்ரவரி 1 அன்று, பழைய பாடல்களுக்கென்றே திட்டமிட்ட அடுத்த சுற்றுப்பயணத்தை மும்பையிலேயே குழு தொடங்கியது; பாடகர் புரூஸ் டிக்கின்சன் தொழில்முறை விமானியும் ஆதலால், வாலில் எடியின் படம் தீட்டிய போயிங் 757 விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே அந்தப் பதின்மூன்று நிமிடப் பாடல் முழுமையாக ஒலித்தது. இக்கரையிலிருந்து போக முடிந்தவர் எவரும் இல்லை. ஒருவருக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை, ஒருவருக்குத் தங்கையின் திருமணம்.

இந்த இசை தமிழர் கைக்கு வந்து வேறு உருவம் எடுத்ததையும் குறிப்பிட வேண்டும். தொண்டி, கீழக்கரை, தேவிபட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வணிகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் சென்ற சிங்கப்பூரில், 1992இல் தொடங்கப்பட்ட ருத்ரா என்ற குழு, கதிர் என்பவரின் உறுமும் குரலில் வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் கனத்த கிதாரோடு இணைத்து, வேதிக் மெட்டல் என்று தானே பெயரிட்டுக்கொண்ட வகையில் 1998 முதல் ஆல்பங்களை வெளியிட்டு வருகிறது. பாட்டில் சுலோகம் வருவதால் வீட்டார் இதை ஏற்றுக்கொள்வர் என்று நம்பி உறவினர் நடுவே ஒலிக்கவிட்டவர்கள் ஏமாந்தனர் என்பதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

அயர்ன் மெய்டன் தன் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு, 2025 மே 27 அன்று புடாபெஸ்ட்டில் தொடங்கிய சுற்றுப்பயணத்துக்குப் புதிய ஆல்பம் ஏதும் பின்புலமாக இல்லை. கடைசி ஆல்பமான செஞ்சுட்சு 2021இல் வந்தது. 1980 முதல் 1992 வரை வெளியான முதல் ஒன்பது ஆல்பங்களின் பாடல்களையே பாடுவது என்ற முடிவோடு புறப்பட்ட அக்குழு, இரசிகர்கள் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பார்க்குமாறு கேட்டுக்கொண்டது. முதல் இரவில் பாடப்பட்ட பாடல்களின் பட்டியல், புடாபெஸ்ட்டில் கூட்டம் கலைவதற்கு முன்பே கீழக்கரையிலும் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கடற்பாட்டு பட்டியலில் இருந்தது. ஆனால், நாற்பதாண்டுக்கு மேல் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 2024 டிசம்பரில் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வுபெற்றதால், அவ்விடத்தில் சைமன் டாசன் அமர்ந்திருந்தார். நடுப்பகுதியின் ஓய்வுக்குப் பிறகு தாளம் திரும்ப எழும் இடத்தில் டாசன் சற்றே நிதானிக்கிறார் என்று துபாய்க்காரரும், அது கேட்பவரின் கைப்பேசிக் கோளாறு என்று சென்னைக்காரரும் தொடங்கிய வாக்குவாதம், எந்த ஊருக்குப் போய் நேரில் கேட்டு முடிவு செய்வது, விசா யாருக்கு எளிதில் கிடைக்கும், டிக்கெட் பணத்தை யார் முதலில் கட்டுவது என்று இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.